டி செல் சோர்வு: சத்தும் ஓய்வும் கொடுத்தால் தீருமா?

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தம்பிக்கு வயது 32. பத்து வருஷத்துக்கு முன் ரத்ததான முகாமில் கொடுத்த ரத்தத்தைச் சோதித்தபோதுதான் ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்திருக்கிறது. இரண்டு வருஷமாக, வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் டாக்டர் பேச்சுவாக்கில், "வைரஸை விரட்ட வேண்டிய டி செல்லெல்லாம் சோர்ந்துபோயிருக்கும், அதான் இது போக மாட்டேங்குது" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து வீட்டில் நாட்டுக்கோழி ரசமும் முருங்கைக்கீரையும் கீழாநெல்லிச் சாறும் நடக்கிறது. மாத்திரையை விட்டுவிட்டுச் சாற்றை மட்டும் குடித்தால் போதுமா என்று தம்பி யோசிக்கிறார். சோர்வுதானே, நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்தால் அந்தச் செல்கள் தேறிவிடாதா என்பது உங்கள் கேள்வி. மாத்திரை சாப்பிட்டும் அவை ஏன் எழவில்லை என்றும் கேட்கிறீர்கள்.

டி செல் என்பது நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளை அணு. அந்தச் செல்கள் களைத்திருக்கின்றனவா, அல்லது மாறியே போய்விட்டனவா என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பதில்: மாறிப்போய்விட்டன. நாள் முழுக்க நடவு நட்டுவிட்டு வந்தவர் ராத்திரி தூங்கி எழுந்தால் சரியாகிவிடுவாரே, அந்தக் களைப்பு இது இல்லை. ஆங்கிலத்தில் வைத்த பெயரைத் தமிழில் "சோர்வு" என்று சொல்லப்போய், கேட்கிறவர்கள் டானிக்கைத் தேடுகிறார்கள். டாக்டர் சொன்னது தவறில்லை, அந்தச் சொல்தான் நம்மை வேறு பக்கம் திருப்பிவிடுகிறது.

நான் வலங்கைமான் பக்கத்துக்காரன். ஆறு வருஷம் ஆய்வுக்கூடத்தில் எலிகளின் டி செல்களோடு வேலை பார்த்தேன். அதன்பின் இருபது வருஷமாக மருத்துவ மாணவர்களுக்கு நோயெதிர்ப்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். கல்லீரல் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்கிறவன் இல்லை. அதனால் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். தம்பிக்கு எந்த மருந்து, எவ்வளவு காலம் என்பதை அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

முதலில், ஒழுங்காக முடிகிற தொற்றில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வைரஸ் புகுந்த செல், அந்த வைரஸின் சிறு துண்டு ஒன்றைத் தன் மேற்பரப்பில் வெளியே காட்டும். அந்தத் துண்டை ஆன்டிஜென் என்கிறோம். அதை அடையாளம் காணத் தெரிந்த சிடி8 டி செல்கள் உடம்பில் மிகச் சிலவே இருக்கும். அந்தச் சிலதும் ஒரு வாரத்துக்குள் ஆயிரக்கணக்கான மடங்கு பெருகி, தொற்றிய செல்களைத் தேடித் தேடிக் கொல்லும். வைரஸ் ஒழிந்ததும் இந்தப் படையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தானாகவே செத்துவிடும். மிச்சம் இருப்பவை நினைவுச் செல்களாகும். ஆன்டிஜென் இல்லாமலேயே வருஷக்கணக்கில் உயிரோடிருந்து, அதே வைரஸ் மறுபடி வந்தால் உடனே கிளம்பும். இங்கே கவனிக்க வேண்டியது, நினைவுச் செல் உருவாக வேண்டுமானால் ஆன்டிஜென் வர வேண்டும், பிறகு போகவும் வேண்டும்.

டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல நம்மிடமே ஒரு சொல் இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும். தண்ணீர் பாய்ச்சி, மண்ணில் மயிரிழை வெடிப்பு விடும்வரை காயவிட்டு, மறுபடி பாய்ச்சினால் பயிர் வேரை ஆழமாக இறக்கும், தூர் கட்டும். வடிகால் இல்லாமல் எப்போதும் தண்ணீர் நிற்கிற வயலில் வேர் கறுத்துப்போகும். அந்தப் பயிருக்கு உரம் போட்டு என்ன பயன்? அது பசியால் வாடவில்லை, நிற்கிற தண்ணீரில் மூச்சுவிட முடியாமல் நிற்கிறது. நாள்பட்ட தொற்றில் டி செல்லின் நிலைமையும் ஏறக்குறைய இதுதான். ஆன்டிஜென் சமிக்ஞை ராவும் பகலும் வந்துகொண்டே இருக்கிறது. காயவிடும் இடைவெளி என்பதே கிடையாது.

இது வெறும் உவமை இல்லை, எலிகளில் பலமுறை சோதித்த விஷயம். எல்சிஎம்வி என்று எலிகளுக்கு வரும் ஒரு வைரஸ் உண்டு. ரோல்ஃப் சிங்கர்நாகலும் பீட்டர் டோஹெர்ட்டியும் 1996இல் நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பும் இந்த வைரஸை வைத்துச் செய்ததுதான். இதில் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற வகையைச் செலுத்தினால் எலி எட்டு நாள், பத்து நாளில் வைரஸைத் துடைத்துவிடும். 1984இல் ரஃபி அகமது (ஹைதராபாத்தில் பிறந்தவர்), மைக்கேல் ஓல்ட்ஸ்டோன் குழுவினர் இதே வைரஸிலிருந்து குளோன் 13 என்ற வகையைப் பிரித்தெடுத்தார்கள். இரண்டுக்கும் புரதத்தில் ஓரிரு எழுத்து அளவுதான் முக்கியமான வித்தியாசம். ஆனால் குளோன் 13 எலியின் ரத்தத்தில் மாதக்கணக்கில் தங்கிவிடும். ஒரே எலி இனம், ஏறக்குறைய ஒரே வைரஸ், ஒன்று போகிறது, ஒன்று தங்குகிறது. டி செல்லுக்கு என்ன ஆகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது.

1993இல் சிங்கர்நாகல் குழு, வைரஸ் அளவு மிக அதிகமானால் அதற்கெதிரான டி செல்கள் காணாமலே போய்விடுகின்றன என்று எழுதியது. அப்போது டி செல்லைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான். வேலை செய்யவில்லையென்றால் இல்லை என்றே கணக்கு. 1996இல் டெட்ராமர் என்ற கருவி வந்தது. செல் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும், எந்த ஆன்டிஜெனை அது அடையாளம் காணும் என்பதை வைத்தே சாயமேற்றிக் காட்டிவிடும். அதை வைத்து 1998இல் பார்த்தபோது, செத்ததாக நினைத்தவற்றில் பல உயிரோடு இருந்தன. வைரஸை அடையாளம் கண்டன, ஆனால் எதுவும் செய்யவில்லை. நான் முதன்முதலாக இதை என் கண்ணால் பார்த்த நாள் நினைவிருக்கிறது. குளோன் 13 செலுத்தி ஒரு மாதமான எலியின் மண்ணீரலிலிருந்து எடுத்த செல்கள். திரையில் டெட்ராமர் புள்ளிகள் கொத்தாகத் தெரிகின்றன. வைரஸ் துண்டைக் கொடுத்துத் தூண்டினால், வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதம் சுரக்க வேண்டிய இடம் காலியாகக் கிடக்கிறது. தூண்டியதில் தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி செய்தேன், அதே முடிவு. ஆட்கள் எல்லாரும் வரப்பில் நிற்கிறார்கள், யாரும் வயலில் இறங்கவில்லை.

இந்த இழப்பு ஒரே நாளில் வருவதில்லை, அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பெருகும் திறனும் ஐஎல்-2 என்ற சுரப்பும் கொல்லும் திறனும் குறைகின்றன. அடுத்து டிஎன்எஃப் என்ற சுரப்பு போகிறது. கடைசியாக இன்டர்ஃபெரான் காமா. அதற்கும் பிறகுதான் செல்லே அழிகிறது. வைரஸ் அளவு எவ்வளவு கூடுதலோ, எவ்வளவு காலம் நீடிக்கிறதோ, அவ்வளவு தூரம் இந்த வரிசையில் செல் கீழே இறங்கும். உதவி செய்யும் சிடி4 டி செல்கள் இல்லாவிட்டால் இன்னும் வேகமாக இறங்கும். இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பல ஆய்வுக்கூடங்கள் பல வருஷமாகத் திரும்பத் திரும்பப் பார்த்தவை.

சரி, செல்லைத் தடுத்து வைப்பது எது? இங்கேதான் பிடி-1 வருகிறது. ஜப்பானின் கியோட்டோவில் தாசுகு ஹோஞ்ஜோ குழு 1992இல் கண்டுபிடித்த புரதம் அது. டி செல்லின் மேற்பரப்பில் இருந்துகொண்டு பிரேக் போல வேலை செய்யும். 2006இல் ரஃபி அகமதுவின் குழு, சோர்ந்த செல்களில் பிடி-1 நிறைய இருப்பதையும், அந்தப் பிரேக்கை மருந்தால் மறித்தால் செல்கள் ஓரளவு வேலைக்குத் திரும்பி வைரஸ் குறைவதையும் எலியில் காட்டியது. அதே வருஷம் எச்ஐவி உள்ளவர்களின் டி செல்களிலும் பிடி-1 கூடுதலாக இருப்பது தெரிந்தது. பிடி-1 மட்டும் இல்லை, லாக்-3, டிம்-3, டிஜிட் என்று இன்னும் பல பிரேக்குகள் ஒரே செல்லில் சேர்ந்திருக்கும். ஹோஞ்ஜோவுக்கும் ஜேம்ஸ் அலிசனுக்கும் 2018இல் நோபல் கிடைத்தது இந்த வகைப் பிரேக்குகளை மறித்துப் புற்றுநோய்க்கு வழி காட்டியதற்காக.

ஆனால் பிரேக் இருக்கிறது என்பதால் அதுவே வில்லன் என்று நினைத்துவிடக்கூடாது. அப்போதுதான் தூண்டப்பட்ட ஆரோக்கியமான டி செல்லிலும் பிடி-1 இருக்கும். அப்புறம், அதே 2006 ஆய்வில் இன்னொரு விஷயம் இருக்கிறது, பலர் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இந்தப் பிரேக்கை அழுத்தும் பிடி-எல்1 புரதம் பிறவியிலேயே இல்லாத எலிகளுக்குக் குளோன் 13 செலுத்தினார்கள். அவை வைரஸை வெல்லவில்லை. தங்கள் டி செல்களின் தாக்குதலிலேயே சில நாட்களில் செத்துப்போயின. உடம்பெங்கும் பரவிவிட்ட, ஒழிக்க முடியாத வைரஸை முழு வேகத்தில் தாக்கினால், தாக்குகிற இடமெல்லாம் நம் உறுப்பாக இருக்கும்.

தம்பியின் விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். ஹெபடைடிஸ் பி வைரஸ் தானாகக் கல்லீரல் செல்லைக் கொல்வதில்லை. அதில் குடியிருந்து பெருகும், அவ்வளவுதான். கல்லீரலில் சேதம் வருவது, தொற்றிய செல்களை நம் நோயெதிர்ப்புச் செல்கள் தாக்குவதால். டி செல்கள் அடங்கியிருப்பது கல்லீரலை இத்தனை வருஷம் காப்பாற்றிய ஒரு சமரசமும்கூட. அரைகுறைத் தாக்குதல் வருஷக்கணக்கில் நடந்தால் அதுவே தழும்பாகி சிரோசிஸ் (கல்லீரல் இறுகிப்போவது) ஆகலாம் என்பது அந்தச் சமரசத்தின் மறுபக்கம். எனவே "டி செல்லைத் தட்டி எழுப்பு" என்று யாராவது ஒரு பொடியையோ லேகியத்தையோ விற்றால், அது நிஜமாகவே எழுப்பிவிட்டால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள்.

சோர்ந்த செல்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை என்பது 2016இல் தெளிவானது. பெரும்பாலானவை முற்றிப்போனவை. ஆனால் டிசிஎஃப்-1 என்ற புரதம் உள்ள ஒரு சிறு கூட்டம் நிணநீர் முடிச்சு, மண்ணீரல் போன்ற இடங்களில் ஒதுங்கியிருந்து, மெதுவாகப் பிரிந்து மற்றவற்றைத் தந்துகொண்டே இருக்கிறது. விதைநெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடி-1 மறிப்பு மருந்து கொடுத்தால் பெருகுவது இந்த விதைநெல்தான், வயலில் ஏற்கெனவே பதராகிப்போனது இல்லை. விதைநெல் தீர்ந்துவிட்டவருக்கு அந்த மருந்தால் பெரிய பலன் இருக்காது. 2019இல் டாக்ஸ் என்ற புரதத்தைப் பற்றிப் பல குழுக்கள் ஒரே சமயத்தில் எழுதின. செல்லைச் சோர்வுப் பாதையில் திருப்புவது அதுதான். அதை நீக்கினால் செல் சோராமல் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். கொஞ்ச நாள் வேகமாக வேலை செய்துவிட்டு அந்தச் செல்கள் மறைந்தே போயின. நாள்பட்ட தொற்றில் டி செல் பிழைத்துக் கிடப்பதற்கே இந்த மாற்றம் தேவைப்படுகிறது. சோர்வைக் கோளாறாக மட்டும் பார்த்துவந்த எனக்கு அந்த வருஷம் பாடத்தையே மாற்றி எழுத வேண்டியிருந்தது.

அடுத்தது, தண்ணீரை வடித்துவிட்டால் பயிர் தேறுமா? அதாவது வைரஸ் போய்விட்டால் செல் பழைய நிலைக்கு வருமா? இதற்கு மனிதர்களிலேயே ஒரு நல்ல சாட்சி உண்டு. ஹெபடைடிஸ் சி வைரஸை இன்று 8 அல்லது 12 வார மாத்திரையில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களிடம் முழுதாக ஒழித்துவிடலாம். அப்படிக் குணமானவர்களின் டி செல்களைப் பார்த்தால் மேலோட்டமாக நினைவுச் செல் போலத் தெரிகின்றன, பிரேக்குகள் குறைந்திருக்கின்றன. ஆனால் உள்ளே டிஎன்ஏ நூலில் எந்தப் பகுதி திறந்திருக்கிறது, எது சுருட்டி மூடியிருக்கிறது என்று பார்த்தால், சோர்வுக் காலத்து அமைப்பு பெரும்பாலும் அப்படியே கிடக்கிறது. 2021இல் வந்த ஆய்வுகள் இதைத்தான் காட்டின. 2016இல் எலிகளில் பிடி-1 பிரேக்கை மறித்துப் பார்த்தபோதும் இதே கதைதான், வேலை திரும்பியது, அமைப்பு மாறவில்லை. கடல்நீர் ஏறிய வயலில் தண்ணீர் வடிந்த பிறகும் மண்ணில் உப்பு நிற்குமே, அப்படி. ஆக, ஓய்வு கொடுத்தால் கொஞ்சம் தேறும், பழைய ஆளாக ஆகாது. அந்த ஓய்வும் உடம்புக்குக் கொடுக்கிற ஓய்வு இல்லை. ஆன்டிஜெனிலிருந்து டி செல்லுக்குக் கிடைக்கிற ஓய்வு.

இனி சந்தேகமான இடங்கள். மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி ஒரே ஒரு எலி வைரஸிலிருந்து வந்தது. ஹெபடைடிஸ் பி அதே மாதிரி நடக்கிறதா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. இந்த நோயாளிகளின் ரத்தத்தில் வைரஸுக்கெதிரான டி செல்கள் மிக மிகக் குறைவு, தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. நிஜமான போர் நடப்பது கல்லீரலில், அங்கிருந்து அடிக்கடி திசு எடுக்க முடியாது. கல்லீரலிலேயே முதன்முதலாகத் தூண்டப்படும் டி செல்கள் ஆரம்பத்திலிருந்தே வேறுவிதமாக முடங்குகின்றன, அதைச் சோர்வு என்றே சொல்லக்கூடாது என்று காட்டும் எலி ஆய்வுகளும் உள்ளன. எனக்கும் ஓரளவு அந்தப் பக்கம் சாய்வு உண்டு. ஹெபடைடிஸ் பியில் சோர்வும் இருக்கிறது, சகிப்பும் (வைரஸை ஆரம்பத்திலிருந்தே தாக்காமல் விட்டுவிடுவது) இருக்கிறது, இரண்டும் கலந்தே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். நிரூபணமான முடிவாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மாத்திரை சாப்பிட்டும் ஏன் டி செல் எழவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். டெனோஃபோவிர் வைரஸ் புதிதாகப் பெருகுவதைத் தடுக்கிறது. ஆனால் கல்லீரல் செல்லின் கருவுக்குள் வைரஸின் டிஎன்ஏ ஒரு மூடிய வளையமாகத் தங்கியிருக்கிறது, அதை மாத்திரை தொடுவதில்லை. அங்கிருந்து வைரஸின் மேற்பரப்புப் புரதம் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும். முழு வைரஸ் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கிலும் அதற்கு மேலும், அந்தப் புரதம் மட்டும் உள்ள வெற்றுத் துகள்கள் ரத்தத்தில் மிதக்கும். மதகை அடைத்தாகிவிட்டது, வயலுக்குள்ளேயே ஊற்று இருக்கிறது. அதனால்தான் மாத்திரை சாப்பிடுபவர்களில் அந்தப் புரதம் ரத்தத்திலிருந்து முழுக்க மறைவது வருஷத்துக்கு நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில்தான் நடக்கிறது. இதைப் பார்த்து மாத்திரை வீண் என்று நினைத்துவிடாதீர்கள். வைரஸ் அளவு அடங்கினால் கல்லீரல் வீக்கமும் சிரோசிஸும் புற்றுநோய் அபாயமும் குறைகின்றன, அது உறுதியான உண்மை. பிடி-1 மறிப்பு மருந்தை ஹெபடைடிஸ் பிக்குச் சிறு சோதனைகளில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஓரிருவருக்குப் பலன் தெரிந்ததே தவிர, அதைச் சிகிச்சையாக யாரும் அங்கீகரிக்கவில்லை. குடல், நுரையீரல், தைராய்டு, ஏன் கல்லீரலையே தாக்கும் பக்கவிளைவுகள் அதற்கு உண்டு.

கீழாநெல்லி பற்றி. என் அம்மாவும் மஞ்சள் காமாலைக்கு அதை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தவர்தான், நான் ஏளனமாகப் பேசப்போவதில்லை. ஆய்வே நடக்கவில்லை என்று சொல்வதும் தவறு. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் குழு, லான்செட் மருத்துவ இதழில் ஒரு முதற்கட்ட ஆய்வை வெளியிட்டது. கீழாநெல்லிப் பொடி 30 நாள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு மேற்பரப்புப் புரதம் மறைந்தது. ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத போலிப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். இந்த வைரஸையே கண்டுபிடித்து 1976இல் நோபல் பெற்ற பரூக் ப்ளம்பெர்கும் அந்த மூலிகையில் ஆர்வம் காட்டினார். பிறகு தாய்லாந்து உட்பட வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. பின்னர் எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பரிசீலித்தவர்களும் நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றே முடித்தார்கள். ஊரில் அதற்கு இவ்வளவு நல்ல பெயர் இருப்பதற்கு எனக்குத் தெரிந்து காரணம் ஒன்று: தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ, இ இரண்டும் பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே போய்விடும். சாறு குடித்தவர் சாற்றால் குணமானதாகச் சொல்வார். தம்பிக்கு இருப்பது அந்தக் காமாலை இல்லை.

மாத்திரையைத் தானாக நிறுத்துவதுதான் உங்கள் கடிதத்தில் என்னைப் பயப்பட வைத்த வரி. நிறுத்தினால் வைரஸ் திடீரென்று பொங்கும், அதைப் பார்த்து மிச்சமிருக்கும் டி செல்கள் ஒருசேரக் கிளம்பும், சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பு வரை போகும். கட்டுப்பாடான சூழலில், தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு வேண்டுமென்றே மாத்திரையை நிறுத்திப் பார்த்த ஆய்வுகளும் உண்டு, வைரஸ் அப்படிப் பொங்கியபோதே சிலருக்கு வைரஸ் புரதம் மறைந்தும் இருக்கிறது. ஆனால் அது அடிக்கடி ரத்தம் பார்த்துக்கொண்டு, எந்த நேரமும் மருந்தைத் திரும்பத் தொடங்கத் தயாராக இருந்து செய்வது. வீட்டில் செய்வது இல்லை. செலவுதான் காரணமென்றால், 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம், அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். முருங்கைக்கீரையும் கோழி ரசமும் தாராளமாகக் கொடுங்கள். சாராயம் ஒரு சொட்டும் வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. தம்பிக்கு இது எப்போது தொற்றியது? பெரியவரான பிறகு தொற்றினால் நூற்றில் 95 பேருக்கு மேல் டி செல்கள் ஆறு மாதத்துக்குள் வைரஸை ஒழித்துவிடும். பிரசவத்தில் தாயிடமிருந்து தொற்றினால் நூற்றில் 90 பேருக்கு அது தங்கிவிடும். தம்பி பிறந்த காலத்தில் அரசுத் தடுப்பூசி அட்டவணையில் ஹெபடைடிஸ் பி கிடையாது. 22 வயதிலேயே நாள்பட்ட தொற்று இருந்திருக்கிறதென்றால், பிறப்பிலோ சின்னக் குழந்தையாக இருக்கும்போதோ வந்திருக்க வாய்ப்பு அதிகம். அவருக்குத் திருமணமாகியிருந்தால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்து, தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட வேண்டும். குழந்தை பிறக்கப்போகிறதென்றால், பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. உங்கள் அம்மாவுக்குப் பரிசோதனை செய்திருக்கிறீர்களா? அதே அம்மாவுக்குப் பிறந்த உங்களுக்கு? இவ்வளவு நீளக் கேள்வியில் உங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இந்த வாரமே ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.